காலடி கூட்டும் தீவு

வெண்மணலும் தென்னையும் நீலக்கடலும் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவானவை. ஆனால் ஒருமுறை சென்றவர் மறுமுறையும் சென்றே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற தீவு, அந்நாளில் ஊற்றுத்தீவு ஒன்றுதான். காரணம் கேட்டால் எவரும் கடலைச் சொல்லவில்லை, மணலைச் சொல்லவில்லை. “அந்த மக்களைப் போல வருக வருக என்று அழைப்பவர்கள் வேறெங்கும் இல்லை” என்றார்கள்.

அத்தீவின் விளம்பரப் படம் ஒன்றை முனைவர் நப்பின்னை ஏழு ஆண்டுகளாகத் தம் மேசைமீது வைத்திருந்தார். விடுமுறை முடிந்த விருந்தினர் படகுத்துறை நோக்கி நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, மணலில் பதிந்த காலடிகளை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். கீழே ஒரு வரி: “உங்கள் காலடியையும் போற்றும் மக்கள்.” முதன்முதலில் அந்தப் படத்தைக் கண்ட அன்று அவருக்கு ஏதோ நெருடிற்று. ஆனால் அது பரிசாக வந்த படம். பரிசை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் பரிசு எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறமொழி கற்பதை உலகம் கைவிட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மிளகளவுள்ள ‘செவித்துணை’ என்னும் கருவியைக் காதில் பொருத்திக்கொண்டால் போதும். யார் எந்த மொழியில் பேசினாலும் அவரவர் மொழியில் கேட்கும். தொடக்கத்தில் அது சொல்லுக்குச் சொல் பெயர்த்து நகைப்புக்கு இடமாயிற்று. தமிழ் பேசுவோரின் நயத்தை அது கொன்றுவிடாதபடி ‘இங்கித அடுக்கு’ ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்டபோது, அப்பொறுப்பை ஏற்றவர் நப்பின்னை. விளக்கை அணை என்னாமல் குளிரவை என்கிறோம். அரிசி இல்லை என்னாமல் நிறைந்துவிட்டது என்கிறோம். போகிறேன் என்னாமல் போய் வருகிறேன் என்கிறோம். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லும் இந்தப் பண்பை நூற்று நாற்பது விதிகளாக வகுத்துக் கொடுத்தார். தமிழர் விருந்தினரை நோக்கிப் ‘போ’ என்று சொல்லமாட்டார். அப்படி ஏதேனும் காதில் விழுந்தால் அது ‘போய் வாருங்கள்’ என்பதன் தேய்வே என்று பதினோராம் விதியில் எழுதியபோது அவருக்குக் கண் கலங்கிற்று. அவ்வளவு பெருமை. அந்த அடுக்குக்கு நன்றியாகத் தீவின் விடுதி அனுப்பியதே அந்தப் பரிசு.

அத்தனை ஆண்டுகளிலும் ஊற்றுத்தீவுக்கு ஒருமுறையேனும் போக வேண்டுமென்று அவர் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருந்தார். “அறைகள் நிறைந்துள்ளன” என்றே மறுமொழி வந்தது. ஏழாம் ஆண்டில், கேளாமலே ஓர் அழைப்பு வந்தது: ஏழு நாள் விடுமுறை, கடலைப் பார்த்த குடில், உடன் ஒரு சிறு கடமை.

*

படகுத்துறையில் அவரை எதிர்கொண்டவர் ‘சுகவாசம்’ விடுதியின் மேலாளர் பிரணவ். சென்னையில் பிறந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

“வாங்க மேடம், வாங்க. உங்க லேயர் இல்லேன்னா இந்தத் தீவே இல்ல, தெரியுமா? ரெஸ்ட் எடுங்க. அஞ்சாவது நாள் ஒரு சின்னக் கூட்டம். வடக்குக் கரையையும் நாங்க எடுத்து விடுதியைப் பெருசாக்கறோம். ஊர்க்காரங்க சம்மதிக்கணும்ங்கறது சட்டம். கடற்கரை ஆணையத்துலேருந்து மூணு பேர் வருவாங்க. மொழிபெயர்ப்பு சரியா இருந்துதுன்னு ஒரு மொழி அறிஞர் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

“என்னால் இயன்றதைச் செய்கிறேன்” என்றார் நப்பின்னை. எதற்கும் அவர் சொல்லும் மறுமொழி அதுதான்.

உடன் வந்த விருந்தினர் ஒவ்வொருவராகக் கரையில் இறங்கினார்கள். ஊர்த்தலைவர் தஸ்நேவிஸ் விடுதி கொடுத்த சங்குமாலைகளுடன் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது, உப்பில் ஊறிய மரம் போன்ற உடம்பு. ஒரு மாலையை ஹால்வர் என்னும் வடநாட்டு முதியவரின் கழுத்தில் இட்டு, இரு கையையும் கூப்பிச் சொன்னார்:

“போதும்ங்க சாமி. ஊரு தாங்காதுங்க. போயிருங்க.”

நப்பின்னை தாம் சரியாகக் கேட்கவில்லை என்று எண்ணினார். ஹால்வரோ அகம் மலர்ந்து திரும்பி, தம் மொழியில் அவரிடம் ஏதோ சொன்னார். நப்பின்னை அவசரமாகச் செவித்துணையைக் காதில் வைத்துக்கொண்டார்.

“கேட்டீர்களா அம்மையே? ‘ஊர் தாங்காத மகிழ்ச்சி, போய் வாருங்கள்’ என்கிறார். வந்த அன்றே மறுமுறையும் வரச் சொல்கிறார்! இது எனக்கு ஆறாம் முறை. என் மனைவி இறந்த பிறகு, என்னை வா என்று சொல்லும் இடம் உலகில் இது ஒன்றுதான்.”

அவர் கண்கள் உண்மையிலேயே நனைந்திருந்தன. நப்பின்னை செவித்துணையைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முதியவர் ஒருவரின் முணுமுணுப்பைப் பெரிதுபடுத்தலாகாது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். அவரைத் தேற்றுவது அப்படியொன்றும் கடினமன்று.

*

மறுநாள் காலை, குடிலைத் துப்புரவு செய்ய ஒரு பெண் வந்தார். நப்பின்னை சன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் விருந்தினரை ஏறிட்டும் பாராமல், துண்டுகளை அடுக்கியபடியே தமக்குத் தாமே பேசினார்.

“நாலு துண்டு கேட்டிருக்கா மகராசி. மேலு என்ன கடலா, தொடச்சுத் தீராம கெடக்க?”

“இரண்டே போதும் அம்மா. நான்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை.”

துண்டுகள் நான்கும் தரையில் விழுந்தன.

“ஏ மாதாவே! தமிழா?”

“ஆமாம்.”

“காதுல அது இல்லியே!”

“தமிழைக் கேட்க அது எதற்கம்மா?”

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சலேத் என்பது அவர் பெயர். ஐம்பதை ஒட்டிய வயது.

“ஒம்பது வருசத்துல தமிழ் பேசுத விருந்தாளி நீங்கதான் மொத ஆளு. தமிழ்க்காரவியளுக்கு இங்கன இடம் குடுக்க மாட்டாவ.”

“ஏன்?”

“வெளங்கிருமுல்லா!”

நப்பின்னைக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிவிடக் கூடாது என்றுகூட அவர் உள்மனம் வேண்டியிருக்கலாம். பேச்சை மாற்ற எண்ணி, சலேத் கதவோரம் சாய்த்து வைத்திருந்த விளக்குமாற்றைச் சுட்டி, “விருந்தினர் புறப்படும்போது மணலைக் கூட்டுவீர்களாமே, அந்த மரபு பற்றிச் சொல்லுங்கள்” என்றார்.

சலேத் அவரை ஒருகணம் உற்றுப் பார்த்தார்.

“நீங்க படிச்சவங்கதான?”

“கொஞ்சம்.”

“ஒங்க வீட்டுல ஒரு ஆளு வெளியூரு பொறப்பட்டுப் போறாவ. வாசல் தாண்டுன ஒடனே வீட்டக் கூட்டுவீயளா?”

“கூட்டமாட்டோம். கூட்டக் கூடாது.”

“ஏன் கூடாது?”

நப்பின்னை வாய் திறந்தார். விடை நாக்கின் நுனியில் வந்து நின்றது. போனவர் திரும்பி வரக் கூடாது என்றால்தான் கூட்டுவார்கள். பிணம் எடுத்த வீட்டில் கூட்டுவார்கள்.

“மரபும் கெடயாது, மண்ணும் கெடயாது” என்றார் சலேத். “வாயால சொல்லிச் சொல்லிப் பாத்தோம். சிரிச்சாவ. மறுவருசம் பிள்ளை குட்டியோட வந்தாவ. பொறவு நான்தான் ஒருநா ஆத்தமாட்டாம வாரியல எடுத்தேன். பின்னாலயே கூட்டிக்கிட்டு கரை வரைக்கும் போனேன். இதாவது உறைக்கட்டும்னு. என்ன செஞ்சாவ தெரியுமா? படம் புடிச்சாவ. மறுநாளே மேனேசரு வந்து, ‘நல்லாருக்கு, தெனமும் எட்டுப் பேரு கூட்டணும்’னுட்டாரு.”

ஏழு ஆண்டுகளாக மேசைமீது இருந்த படம் நப்பின்னையின் கண்முன் வந்தது. அதன் நடுவில் குனிந்திருக்கும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியாது. தோள் மட்டும் தெரியும். அந்தத் தோள் இப்போது எதிரே தரையில் உட்கார்ந்து, விழுந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தது.

“நீங்க என்ன வேலை பாக்கீய?” என்று கேட்டார் சலேத்.

“ஆசிரியை” என்றார் நப்பின்னை. அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று.

*

அன்று பிற்பகல் சலேத் அவரை வடக்குக் கரைக்கு அழைத்துச் சென்றார். நானூற்று முப்பது பேர் வாழும் ஊர். அக்கம்பக்கத்துத் தீவுகளைக் கடல் விழுங்கிவிட, எஞ்சியவர்கள் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். நடுவில் கல் கட்டிய நன்னீர் ஊற்று. அதன் பெயரால்தான் தீவுக்கே பெயர். நப்பின்னை எட்டிப் பார்த்தார். அடியில் ஈர மணலும், ஓர் உள்ளங்கை அளவு நீரும் இருந்தன.

“விடுதில அறுவது குளியல் தொட்டி, ரெண்டு நீச்சல் குளம். எல்லாம் இதே ஊத்துதான். அடியில கொழாய் போட்டு இழுக்காவ” என்றார் தஸ்நேவிஸ். “இனி இந்தக் கரையையும் கேக்காவ. எங்களக் கொண்டுபோய் அக்கரையில அடுக்குமாடியில வைக்கப் போறாவளாம்.”

“எழுதிக் கொடுத்தீர்களா ஐயா?”

“ஆணையத்துக்கு மூணு மனு, டீச்சரம்மா. ‘ஊத்துல தண்ணி இல்லங்க ஐயா’ன்னு பெரிய எழுத்துல எழுதுனோம். மெசினுதான வாசிக்கி! ‘ஊற்று நிறைந்திருப்பது அறிந்து மகிழ்ந்தோம்’னு பதிலு வந்துச்சு.”

அரிசி இல்லை என்னாமல் நிறைந்துவிட்டது என்கிறோம். நாற்பத்திரண்டாம் விதி. நிறைந்தது என்றால் இல்லை என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். அடுத்த காதுக்கு எப்படித் தெரியும்? இந்த எளிய வினா, முனைவர் பட்டம் பெற்ற தமக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று நப்பின்னை நின்ற இடத்திலேயே குன்றிப்போனார்.

சலேத்தின் வீட்டு முற்றத்தில் கட்டன்காப்பி வந்தது. “வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்றார் நப்பின்னை. “சிரமமாவது ஒண்ணாவது, குடிங்க” என்று சலேத் டம்ளரைக் கையில் திணித்தார். அன்றைய பங்கு நீரில் போட்ட காப்பி. மறுப்பதா குடிப்பதா என்று தெரியாமல் நப்பின்னை அதைக் குடித்துத் தீர்த்தார். வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள் கொள்க. அதற்கும் ஒரு விதி எழுதியிருந்தார்.

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். “படிச்ச ஆளு நீங்க. எந்தச் சொல்லு சொன்னா அவியளுக்குச் சரியாக் கேக்கும்? அத மட்டும் சொல்லிக் குடுங்க” என்றார் சலேத்.

நப்பின்னை கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். கேட்பவர் காதில் என்ன விழும் என்பதைத் தமிழிலேயே ஒலித்துக் காட்டும் சோதனைமுறை ஒன்று அக்கருவியில் உண்டு. அமைத்தவர்களுக்கு மட்டும் தெரியும். அதை இயக்கி, சலேத்தின் காதில் வைத்தார்.

“போயிருங்க” என்றார் சலேத். கண் அகன்றது. “ஏ, ‘போய் வாருங்கள்’ங்குது!”

“வராதீங்கன்னு சொல்லிப் பாரு!”

“வராதீங்க.” கேட்டார். “‘வராமல் இருந்துவிடாதீர்கள்’!”

“எங்களுக்கு இஷ்டமில்லங்கன்னு சொல்லு.”

“‘எங்களுக்கு நிறைந்த இஷ்டம்’!”

“ஏட்டி, இது மெசினு இல்ல, எங்க மாமியாரு” என்றாள் ஒருத்தி. “நாம ஒண்ணு சொன்னா அவளுக்கு ஒண்ணு கேக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நப்பின்னை மட்டும் சிரிக்கவில்லை.

“இத எந்தப் புண்ணியவாளன் செஞ்சான்னு தெரியலியே” என்றார் தஸ்நேவிஸ்.

“யாரோ... படித்தவர்கள்” என்றார் நப்பின்னை, மணலைப் பார்த்தபடி.

அந்நேரம் ஓர் ஆடு ஓசைப்படாமல் வந்து, மூடியிட்ட நீர்க்குடத்தை முகத்தால் முட்டித் தள்ளப் பார்த்தது. சலேத் பாய்ந்து எழுந்தார்.

“ஏ சனியனே! போ! தண்ணி இல்ல, போ அங்கிட்டு!”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கை காதுக்குப் போயிற்று.

“என்னட்டி?”

“‘சனியனே, போ. தண்ணீர் இல்லை, அப்பால் போ’” என்றார் சலேத், மெல்ல. “அப்படியே சொல்லுதே!”

நப்பின்னைக்கு விளங்கிவிட்டது. அவர் விதிகள் அனைத்தும் மரியாதையைக் கண்டால் விழித்துக்கொள்பவை. ஒரு ‘ங்க’, ஓர் ‘ஐயா’ போதும். மரியாதை இல்லாத பேச்சுக்கு அவர் விதி எழுதவேயில்லை. தமிழர் விருந்தினரிடம் அப்படிப் பேசுவார்கள் என்று நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டிடம் சொன்னால் உண்மை. ஆளிடம் சொன்னால் பொய். இவ்வூர் மக்கள் ஒன்பது ஆண்டுகளாகத் தங்கள் மரியாதையாலேயே கட்டுண்டு கிடந்தார்கள்.

அவர் அதை விளக்கியபோது முற்றத்தில் மகிழ்ச்சி எழவில்லை.

“அப்போ, வந்தவியள வாடா போடான்னு சொல்லணும்ங்கீயளா?” என்றார் தஸ்நேவிஸ்.

“ஒருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஐயா. பலரைப் பார்த்தால் ‘போங்கடா’ என்று வந்துவிடும். அதிலும் ‘ங்க’ இருக்கிறது.”

“வயசுல மூத்தவங்களும் வருவாவளே.”

“வருவார்கள்.”

பெரியவர் நீர்க்குடத்தின் மூடியைச் சரிசெய்தார். பிறகு, “எங்க அப்பன் கொள்ளையடிக்க வந்தவனைக்கூட ‘வாங்க’ன்னு சொல்லித்தான் கையக் கட்டுனாரு” என்றார். “பாப்போம்.”

பாப்போம் என்றால் தமிழில் என்ன பொருள் என்பது நப்பின்னைக்குத் தெரியும்.

*

கூட்டத்துக்கு முன்தினம் அவர் பிரணவின் அலுவலறைக்குச் சென்றார். வழிநெடுக ஒத்திகை பார்த்த சொற்கள், கதவைத் திறந்ததும் வழக்கம்போல வணக்கம் சொல்லிக் குனிந்துகொண்டன.

“நான் கையெழுத்திட இயலாதோ என்று நினைக்கிறேன்.”

“நினைங்க மேடம், நல்லா யோசிங்க. அவசரமே இல்ல” என்றார் பிரணவ் புன்னகையுடன். செவித்துணை ஏதும் இல்லாமலே அப்படித்தான் கேட்டது அவருக்கு.

“அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரிகிறதல்லவா?”

“புரியாம என்ன? நானும் தமிழ்தானே. ஆனா ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தல மேடம். பொய்யா ஒரு வார்த்தை சேர்க்கல. எல்லாமே உங்க விதிதான். நல்லா வேலை செய்யுதுன்னு நாப்பது மொழிக்கு அதையே எடுத்துக்கிட்டாங்க.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க போடலேன்னா இன்னொருத்தர் போடுவாங்க. உங்க பேர்ல இருக்கறதுதான் உங்களுக்கும் மரியாதை.”

மரியாதை என்ற சொல் அவருக்கு அன்றுபோல் என்றும் கசந்ததில்லை.

*

மாதா கோயில் முன்பந்தலில் காலை பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கிற்று. ஊர் முழுதும் மணலில் அமர்ந்திருந்தது. மேடையில் ஆணையத்தார் மூவர், நடுவில் அவைத்தலைவி. அறுபதைக் கடந்த, நரைமுடியை இறுகக் கட்டிய, கனிவான முகமுடைய அம்மையார். மூவர் காதிலும் செவித்துணை. ஓரத்தில் நப்பின்னைக்கும் ஒரு நாற்காலி. முன்னால் சான்றிதழ்த் தாள். அவர் காதில் சோதனைமுறையிலிருந்த கருவி, ஊரார் சொல்வது அவைத்தலைவிக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அவருக்குத் தமிழில் ஒலித்தது.

தஸ்நேவிஸ் எழுந்தார். தோளிலிருந்த துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கிற்று.

“அம்மா...” என்றார் பெரியவர். தொண்டையைச் செருமினார். வாய் ஒருமுறை திறந்து மூடிற்று. “அம்மா, நீங்க... இந்த ஊத்து வத்திப்போச்சுங்க. நாங்க எங்கயும் போகமாட்டோம்ங்க. நீங்க போயிருங்க.”

“அம்மையே, இந்த ஊற்று நிறைந்திருக்கிறது. நாங்கள் எங்கும் போய்விடமாட்டோம், இங்கேயே காத்திருப்போம். நீங்கள் போய் வாருங்கள்” என்று ஒலித்தது.

அவைத்தலைவி நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினார். பெரியவர் நப்பின்னையைப் பார்த்தார். முடியலம்மா என்பது போல.

அடுத்து ஒரு மீனவர். அடுத்து ஆட்டின் சொந்தக்காரி. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்கள். முன்னே இருந்த நரைமுடியைக் கண்டதும் எல்லோர் நாவிலும் ‘ங்க’ வந்து ஒட்டிக்கொண்டது. சலேத் எழுந்து, “ஏ...” என்று தொடங்கி, “ஏங்க...” என்று முடித்து, உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஏழு பேர் பேசினார்கள். ஏழும் சம்மதமாகப் பதிவாயின. பிரணவ் எழுதுகோலின் மூடியைத் திறந்து நப்பின்னையின் முன் வைத்தார்.

நப்பின்னை எழுந்தார்.

“மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, பொறுத்தருள வேண்டும். இம்மக்கள் தங்களைப் போகச் சொல்கிறார்கள்.”

“மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, இம்மக்கள் தங்களைப் போய் வரச் சொல்கிறார்கள்” என்றது காது. பொறுத்தருளச் சொன்னதைக்கூட அது விட்டுவிட்டது. பேச்சின் முதலில் வரும் மன்னிப்பு வெறும் உபசாரம், நீக்குக. ஏழாம் விதி.

அவைத்தலைவி புன்னகைத்தார்.

தம் வாழ்நாளில் நப்பின்னை எவரையும் ஒருமையில் விளித்ததில்லை. தம் மாணவியரைக்கூட வாருங்கள் என்றே அழைப்பார். அந்த அம்மையாரின் கனிவான கண்களைப் பார்த்தார். பிறகு அவற்றைப் பார்த்தால் முடியாது என்று தெரிந்து, கட்டியிருந்த நரைமுடியின் மேல் பார்வையை ஊன்றிக்கொண்டார்.

“ஏய்” என்றார். குரல் உடைந்தது. “ஏய், உன்னைத்தான்டி. சிரிக்காதே.”

பந்தல் அடங்கிற்று.

“எழுந்து போடி. இந்த ஊரை விட்டுப் போ. திரும்பி வராதே. ஊற்றில் தண்ணீர் இல்லைடி. ஒன்பது வருசமா இவர்கள் போ போ என்று கத்துகிறார்கள், உன் காதில் வா வா என்று விழுகிறது. அந்தப் பொய்யை எழுதினவள் நான். நான்தான்டி எழுதினேன். காதில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்து ஊற்றைப் பார்.”

அவைத்தலைவியின் புன்னகை, அலை இழுத்த மணல்போல முகத்திலிருந்து வடிந்தது. அவர் மொழியில் ஏதோ சொன்னார். “மீண்டும் சொல்” என்று கேட்டது நப்பின்னையின் காதில். இயந்திரம் அவருக்கும் மரியாதையை விட்டுவிட்டது.

“தண்ணீர் இல்லை” என்றார் நப்பின்னை. அழுதுகொண்டிருந்தார். “வந்து பார்.”

*

அவர்கள் வந்து பார்த்தார்கள். ஈர மணலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவைத்தலைவி குனிந்து அந்த உள்ளங்கை நீரைத் தொட்டுப் பார்த்து, பதிவை நிறுத்தச் சொன்னார். ஊரார் சம்மதம் செல்லாது. வடக்குக் கரையைத் தொடக் கூடாது. அன்று மாலைக்குள் குழாயை மூட வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். நப்பின்னையின் சான்றிதழ்த் தாள் மட்டும் வெறுமையாகவே திரும்பிற்று.

ஊர் காப்பாற்றப்பட்டது. ஆனால் ஒருவரும் நப்பின்னையிடம் வந்து பேசவில்லை. தஸ்நேவிஸ் அவைத்தலைவியின் முன்சென்று, தம் மண்ணில் நடந்த ஏச்சுக்காகக் கைகூப்பி நின்றார். அது அந்த அம்மையாருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் காலையே நப்பின்னை புறப்பட்டார். படகுத்துறைக்குச் செல்லும் மணல்வெளியில் சலேத் விளக்குமாற்றோடு நின்றிருந்தார், வேலை நேரம்.

“நீங்கதானா அது” என்றார் சலேத். கேள்வியாக அல்ல.

“நான்தான்.”

“அன்னைக்கு எங்க முத்தத்துல உக்காந்து, யாரோ படிச்சவங்கன்னியளே.”

மன்னியுங்கள் என்று சொல்ல நப்பின்னை வாயெடுத்தார். அதன் மதிப்பு இன்னதென்று அவரே விதித்திருந்தபடியால் விழுங்கிக்கொண்டார்.

“நான் போகிறேன்” என்றார்.

“ஏ, அப்படிச் சொல்லப்படாது! போயிட்டு வாறேன்னு சொல்லுங்க.” பழக்கம், சலேத்தை அறியாமலே வந்துவிட்டது.

“சொல்லலாமா?” என்று கேட்டார் நப்பின்னை.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். சலேத் விளக்குமாற்றை ஒருமுறை மணலில் தட்டிக்கொண்டார். கடலைப் பார்த்தார்.

“ஊத்துல தண்ணி வரட்டும்” என்றார் கடைசியில். “வந்தா, அப்போ சொல்லுறேன்.”

படகு கிளம்பிற்று. கரையில் எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து கூட்டத் தொடங்கினார்கள். சலேத் தம் பங்கு மணலைச் சீராகக் கூட்டிக்கொண்டு வந்தார். நப்பின்னையின் காலடிகளும் அதில் இருந்தன. அவற்றையும் கூட்டினார், விரைவாகவும் இல்லை, தயங்கியும் இல்லை.

படகில் சிலர் கைதட்டினார்கள். ஹால்வரும் அதே படகில்தான் திரும்பிக்கொண்டிருந்தார். கழுத்தில் இன்னும் சங்குமாலை கிடந்தது. கூட்டத்தில் நடந்த எதுவும் விருந்தினர் எவருக்கும் தெரியாது. அவர் நப்பின்னையின் அருகில் வந்து அமர்ந்து, காதைச் சுட்டிக் காட்டினார். நப்பின்னை செவித்துணையைப் பொருத்திக்கொண்டார்.

“எத்தனை அழகிய மரபு, அம்மையே! தாங்கள் இம்மொழியினர் அல்லவா? ஆறு முறையும் கேட்க நினைத்து மறந்துவிட்டேன். அதற்கு என்ன பொருள்?”

எண்பது வயதிருக்கும் அவருக்கு. நப்பின்னையின் தந்தை இருந்திருந்தால் அந்த வயது. ஐயா என்று தொடங்கினால் முடிந்தது. நப்பின்னை அவர் கழுத்து மாலையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தையே பார்த்தார்.

“திரும்பி வராதே என்று பொருள்” என்றார்.

முதியவர் கருவியைக் காதிலிருந்து எடுத்து, துடைத்து, மீண்டும் வைத்துக்கொண்டார்.

“ஆறு முறையுமா?”

“ஆமாம்.”

ஹால்வர் கரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மணல் யாரும் மிதியாதது போல் கிடந்தது. பிறகு குனிந்து, தம் கால்விரல்களின் இடையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த வெண்மணலைப் பார்த்தபடியே இருந்தார்.